மோட்சத் தட்டு

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கோட்டான் என்று பெயர். முழுசாகச் சொன்னால் ஊமைக்கோட்டான். அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் ஒரு படுக்கை விரிப்பைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரியும் போட்டுவிடலாம் என்று மடிப்புப் பிரிவுப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் அந்த மடிப்பு மேஜையில் ஆறு வருடம் நின்றவள்தான். பிறகு சலவை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டாள். அந்தப் பழக்கத்தில் கணினிக்கு நிரல் எழுதவும் கற்றுக்கொண்டாள். நீராவியும் இரைச்சலுமாக இருக்கும் அந்தக் கூடத்தில் பேசாமல் இருப்பது அவளுக்குச் சொந்த வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மௌனம் அவள் கழுத்தைப் பிடித்தது. இயந்திரங்கள் ஓடவில்லை. துணி வண்டிகளையெல்லாம் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் நீளமாக மேஜைகளைப் போட்டிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம் என்கிற மாதிரி கூட்டம். மேஜை மேல் இருநூற்று எட்டு ஓட்டுச்சீட்டுகள். அவற்றைக் கையால் எண்ணப் போகிறார்கள். அவளுடைய நான்கு வருட உழைப்பு நிற்குமா விழுமா என்பது அந்த எண்ணிக்கையில் இருந்தது.

விஷயம் இதுதான். நான்கு மருத்துவமனைகளின் துணிகளைத் துவைக்கும் அந்தக் கூடம் தொழிலாளர்களுக்கே சொந்தமானது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். முன்பெல்லாம் கையைத் தூக்கச் சொல்வார்கள். யார் யாருக்குத் தூக்கினார்கள் என்பதை மேற்பார்வையாளர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அது வேண்டாம், விருப்ப வரிசை எழுதும் சீட்டு முறைக்குப் போவோம் என்று போன வருடம் முடிவானது. மிகவும் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று எழுத வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை விலக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளை அவற்றில் எழுதியிருக்கும் அடுத்த ஆளிடம் சேர்ப்பார்கள். எண்ணிக்கையில் மிஞ்சியிருக்கும் சீட்டுகளில் ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இப்படியே சுற்றுச் சுற்றாகப் போகும். அடுத்த ஆள் எழுதப்படாத சீட்டு ஒரு தனித் தட்டுக்குப் போய்விடும். அதற்கு மேல் அதற்குப் பிறவி இல்லை. மடிப்புப் பெண்கள் அந்தத் தட்டுக்கு மோட்சத் தட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கைப் போடும் நிரலைத்தான் கோட்டான் எழுதியிருந்தாள். எழுதியதை மூடி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம் என்று இணையத்தில் வைத்திருந்தாள். முகம் தெரியாத பதினான்கு இடங்களில் அதை வைத்துத் தேர்தல் நடத்தியிருந்தார்கள். ஒரு பாட்டுக் குழு, ஒரு பள்ளியின் பெற்றோர் சங்கம், ஒரு மீனவர் கூட்டுறவு. சொந்தக் கூடத்தில் மட்டும் இதுதான் முதல் தடவை.

முதல் தடவையே வீட்டில் வந்து விடிந்தது.

போட்டியிட்டவர்கள் நான்கு பேர். மேற்பார்வையாளர், இஸ்திரிப் பிரிவின் அக்கா, கொதிகலன்காரர், வேன் ஓட்டுநர். இதில் மேற்பார்வையாளர் அவளுடைய மூத்தார், கணவனின் அண்ணன். முப்பது வருடம் அந்தக் கூடத்தைத் தன் உள்ளங்கை மாதிரி தெரிந்து வைத்திருப்பவர். முதல் சுற்றில் அவருக்கு எண்பத்தொன்று, இஸ்திரி அக்காவுக்கு அறுபத்திரண்டு. ஆட்கள் மூத்தாருக்குக் கை கொடுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் வேன் ஓட்டுநர் விலகினார். அவருக்குப் பின் கொதிகலன்காரர் விலகினார். கடைசிச் சுற்றில் திரையில் வந்தது: இஸ்திரி அக்கா நூற்று மூன்று, மூத்தார் நூறு, மோட்சத் தட்டில் ஐந்து.

முன்னால் ஓடியவர் எப்படித் தோற்பார் என்று மூத்தாரின் ஆட்கள் குதித்தார்கள். மிஷினுக்குள் ஏதோ தில்லுமுல்லு என்றார்கள். இஸ்திரி அக்காவின் ஆட்களோ, நல்லவேளை மூத்தார் ஜெயிக்கவில்லை, ஜெயித்திருந்தால் தம்பி பெண்டாட்டி எழுதிய கணக்கு என்று நாங்கள் குதித்திருப்போம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு ஏச்சுதான்.

ஒரே வீட்டில் மூத்தார் மாடியில், அவள் கீழே. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவள் அடுக்களைக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் காலையில் மாடிப்படியிலிருந்து "மோட்டாரைப் போடுடி" என்று மூத்தார் மனைவியான ஓரகத்தியின் குரல் கேட்கும். தேர்தலுக்கு மறுநாளிலிருந்து குரல் நின்றது. ஓரகத்தியே படியிறங்கி வந்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, இவள் முகத்தைப் பார்க்காமல் மேலே போவாள். தொட்டி நிரம்பியதும் மறுபடி இறங்கி வந்து அணைப்பாள். முழங்கால் வலிக்காரி, ஒன்பது நாளாகத் தினமும் இரண்டு தடவை படியேறி இறங்கிக்கொண்டிருந்தாள். கணவன் பட்டறைக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் போனான். யார் பக்கமும் பேசாமல் இருக்க அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

பேசாமல் இருப்பதில் தன்னை யாரும் மிஞ்ச முடியாது என்று நினைத்திருந்தவள், மற்றவர்களின் மௌனம் எவ்வளவு கனமானது என்று அந்த ஒன்பது நாளில் தெரிந்துகொண்டாள். தன்னுடைய மௌனமும் இத்தனை வருடம் யார் தலையிலாவது இப்படி உட்கார்ந்திருக்குமோ என்றுகூட யோசித்தாள்.

பொதுக்கூட்டத்தில் மூத்தாரின் மருமகன் எழுந்தான். ஒரு பெரிய கம்பெனியில் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஓசியில் கிடைக்கிற நிரலுக்கு யார் பொறுப்பு, நாளைக்குத் தப்பு என்று தெரிந்தால் யாருடைய சட்டையைப் பிடிப்பது என்று கேட்டான். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கம் போல நேரம் ஆனது. பிறகு எழுந்தாள்.

"என் சட்டையைப் பிடிங்க. கையால எண்ணிப் பாருங்க. ஒரு ஓட்டு வித்தியாசம் வந்தாலும் நானே அதை இழுத்து மூடிடறேன். இங்க மட்டும் இல்ல, எல்லா இடத்துலயும்."



மருமகன் சும்மா இருக்கவில்லை. நிரலை இறக்கி, ஒரு வாரம் வரி வரியாகப் படித்தான். அவனுக்கு ஒரு தப்பும் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் தேவையில்லாமல் ஒரே கணக்கை இரண்டு தடவை போடுகிறது என்று கண்டுபிடித்து, மனசு கேட்காமல் அதற்குத் திருத்தமும் எழுதி அனுப்பினான். மாமனாருக்காகக் குற்றம் தேடப் போனவன் குழாயை ஒட்டிக்கொடுத்துவிட்டு வந்தான் என்று மடிப்புப் பெண்கள் அவனுக்கு பிளம்பர் என்று பெயர் சூட்டினார்கள்.

ஆனால் நிரலில் தப்பில்லை என்பது வேறு, காகிதம் என்ன சொல்கிறது என்பது வேறு. அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் அதற்கு மேலாகப் பார்ப்பவர். கூடவே மூன்று குமாஸ்தாக்கள். அவர் வைத்த ஒழுங்கு இது: குமாஸ்தாக்கள் சீட்டுகளைப் பிரித்து ஆளுக்கொரு குவியலாகப் போடுவார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அவற்றைப் பத்துப் பத்தாகக் கட்டுவதற்கு மட்டும் மடிப்புப் பிரிவிலிருந்து நான்கு பெண்கள் வரலாம், அவர்களுடைய கை அவ்வளவு வேகம். கட்டி முடித்ததும் அவர்கள் கயிற்றுக்கு அப்பால் போய்விட வேண்டும். எண்ணி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதல் சுற்று அச்சுப் பிசகாமல் வந்தது. எண்பத்தொன்று, அறுபத்திரண்டு, முப்பத்தெட்டு, இருபத்தேழு. அவள் மூச்சு விட்டாள்.

வேன் ஓட்டுநரின் இருபத்தேழு சீட்டுகளை எடுத்தார்கள். இரண்டு கட்டும் ஏழு உதிரியும். குமாஸ்தாக்கள் கட்டுகளைப் பிரித்து அடுத்த ஆள் பார்த்துப் பங்கு போட்டார்கள். தணிக்கையாளர் வாசித்தார். மேற்பார்வையாளர் எண்பத்தொன்பது. இஸ்திரிப் பிரிவு அறுபத்தொன்பது. கொதிகலன் நாற்பத்தாறு. தட்டில் நான்கு.

ஆனால் நிரல் சொன்னது தொண்ணூறு, எழுபது, நாற்பத்தாறு, தட்டில் இரண்டு. அந்த எண்கள் ஒன்பது நாளாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தன. கூட்டத்தில் பாதிப் பேருக்கு மனப்பாடம். முணுமுணுப்பு கிளம்பியது. தணிக்கையாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், அடங்கியது. கயிற்றுக்கு அப்பால் கணவன் நிற்பதை அவள் அப்போதுதான் கண்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஓட்டு என்று சொல்லியிருந்தாள். ஏற்கனவே இரண்டு.

அடுத்துக் கொதிகலன்காரரின் நாற்பத்தாறு. நான்கு கட்டும் ஆறு உதிரியும். குமாஸ்தாக்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தார்கள், போட்டார்கள், எண்ணினார்கள். தணிக்கையாளர் கூட்டிப் பார்த்து, இன்னொரு தடவை கூட்டிப் பார்த்து, எழுந்து நின்று வாசித்தார்.

"மேற்பார்வையாளர் தொண்ணூற்றொன்பது. இஸ்திரிப் பிரிவு தொண்ணூற்றெட்டு. தட்டில் பதினொன்று. மொத்தம் இருநூற்று எட்டு. கணக்கு சரியாக இருக்கிறது."

மூத்தார் ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தார்.

அவர் பக்கத்து ஆட்கள் எழுப்பிய சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. யாரோ அவளுக்குக் கேட்கும்படியாகவே, கோட்டான் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்றான். இஸ்திரி அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கோட்டானின் கையில் நிரல் அச்சடித்த தாள்கள் இருந்தன. தேர்தலன்றைக்குச் சீட்டுகளைக் கணினியில் தட்டச்சு செய்தபோது ஒவ்வொரு சீட்டின் அச்சிட்ட பக்கத்திலும் ஒரு எண் முத்திரை போட்டிருந்தார்கள். எந்த எண் சீட்டு எந்தச் சுற்றில் யாரிடமிருந்து யாரிடம் போனது என்று நிரல் ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தது. தட்டுக்குப் போனவை ஐந்தே ஐந்து எண்கள். அங்கே பதினொன்று இருக்கிறது. எங்கும் எதுவும் தொலையவில்லை, கூட்டினால் சரியாக வருகிறது. ஆறு சீட்டுகள் போகக் கூடாத தட்டுக்குப் போயிருக்கின்றன.

ஆறு. வேன் ஓட்டுநரின் சுற்றில் இரண்டு, கொதிகலன்காரரின் சுற்றில் நான்கு.

இரண்டு கட்டு. நான்கு கட்டு.

அவளுடைய விரல்கள் தாமாகவே அசைந்தன. ஆறு வருடம் செய்த வேலை. ஒன்பது துண்டுகளை அடுக்கி, பத்தாவதைக் குறுக்கே போட்டு, மூன்றாக மடித்து, நுனியை உள்ளே செருகினால் கட்டு ரெடி. தனியாகக் கயிறு வேண்டாம், உறை வேண்டாம். வழியில் அழுக்குப் பட்டாலும் முகப்பில் படக் கூடாது என்று பத்தாவதை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சுற்றுவார்கள். கூடத்தில் சேர்ந்த முதல் நாளே கை பழகிவிடும், அப்புறம் அது கண்ணில் படவே படாது.

அவள் எழுந்து கேட்டாள். "சார், தட்டைத் திறந்து காட்டணும்."

தணிக்கையாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எண்ணிக்கை முடிந்த பிறகு தட்டைத் திறக்க வேண்டுமானால் மீதமிருக்கும் இரண்டு வேட்பாளர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். இஸ்திரி அக்கா உடனே தலையாட்டினாள். எல்லாரும் மூத்தாரைப் பார்த்தார்கள். மருமகன் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். அவனைச் சுற்றியிருந்தவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். ஜெயித்த மனிதர், ஒரு சொல்லில் வீட்டுக்குப் போய்விடலாம்.

மூத்தார் அவளைப் பார்த்தார். ஒன்பது நாளில் முதல் தடவை.

"என்னம்மா இருக்கு அதுல?"

"சீட்டு இருக்கு மாமா. அங்க இருக்கக் கூடாத சீட்டு."

அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். அந்தக் கூடத்தில் ஒரு விரிப்பு குறைந்தாலும் வண்டியைக் கிளம்பவிடாத மனிதர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"திறங்க," என்றார். "ஒரு ஓட்டுல ஜெயிச்சுட்டு வருஷம் பூரா நான் தூங்க வேண்டாமா?"

தட்டை மேஜை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். பதினொன்றில் ஐந்து அச்சிட்ட பக்கம் மேலாகக் கிடந்தன. ஆறு வெற்றுப் பக்கம் மேலாக, குறுக்கே மடிப்புத் தடத்தோடு கிடந்தன. பிரித்துப் போட்ட குமாஸ்தா, அது கட்டுக்குச் சுற்றின வெறும் காகிதம், பக்கத்தில் இருந்த தட்டில் போட்டேன் என்றான். தட்டை எண்ணின குமாஸ்தா, எனக்கு எப்படித் தெரியும், தட்டில் இருப்பதெல்லாம் சீட்டு என்று விளிம்பைப் பிடித்து எண்ணினேன் என்றான். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அதுதான் கணக்கு சரியாக வந்ததற்குக் காரணம்.

மருமகன் விடவில்லை. வெற்றுத் தாளை யாராவது நடுவில் செருகியிருக்கலாமே என்றான். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மூத்தார் மேஜைக்கு வந்துவிட்டார். ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்புத் தடத்தை விரலால் தடவினார். மூன்று மடிப்பு, வலது நுனியில் சின்னதாக ஒரு செருகல் தடம். பக்கத்தில் கிடந்த உதிரிச் சீட்டுகளில் ஒன்பதை எடுத்து அடுக்கி, இந்தத் தாளைச் சுற்றி, நுனியைச் செருகினார். தடம் தடத்தின் மேல் உட்கார்ந்தது. 

"இது நம்ம மடிப்பு," என்றார். "இந்தச் செருகல் வேற எங்கயும் கிடையாது. நான் கொண்டு வந்தது." பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் முத்திரை எண் இருந்தது. கொதிகலன்காரருக்கு ஒன்று. இஸ்திரி அக்காவுக்கு இரண்டு. அவருடைய பெயருக்கு நேரே நான்கு.

"கடைசி இடம் கொடுத்திருக்கான் பாவி," என்றார்.

முதலில் சிரித்தது மடிப்புப் பெண்கள்தான். அப்புறம் கூடமே சிரித்தது. தணிக்கையாளர் ஆறு தாள்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, எண்ணையும் அடுத்த விருப்பத்தையும் உரக்க வாசித்தார். அவள் தன் தாளிலிருந்து அதே எண்ணுக்கு நேரே இருப்பதை வாசித்தாள். ஆறு தடவை அவர் சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றாக இருந்தன. ஐந்து இஸ்திரி அக்காவுக்கு, ஒன்று மூத்தாருக்கு. நான்காவது தாளிலேயே தணிக்கையாளரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது, அவர் எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

"நூற்று மூன்று. நூறு. தட்டில் ஐந்து," என்றார். "மூன்று சுற்றும் நிரல் சொன்னபடியே."

துணி வண்டிகளின் தகரத்தில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். ஒரு வண்டி, பிறகு பத்து வண்டி, பிறகு சுவரோரம் நின்ற அத்தனை வண்டிகளும். கட்டுக் கட்டிய நான்கு பெண்களில் மூத்தவள் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து அவளைத் தூக்கியே விட்டாள். எங்க கை செஞ்ச தப்பை உன் மிஷின் காட்டிக்கொடுத்துடுச்சேடி என்று முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இஸ்திரி அக்கா நேராக மூத்தாரிடம் போய், திங்கட்கிழமை தயவுசெய்து லீவு போட்டுவிட வேண்டாம், மூன்றாம் நம்பர் இயந்திரம் அவர் திட்டினால்தான் ஓடுகிறது என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவளுடைய கணவன் தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, யாருடைய வண்டியிலோ ரெண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான்.

சத்தத்தின் நடுவில் நின்றபோது அவளுக்கு ஒன்று உறுத்தியது. நிரலோடு சேர்த்து அவள் ஒரு வழிகாட்டி எழுதியிருந்தாள். கையால் சரிபார்க்கும்போது சீட்டுகளைப் பத்துப் பத்தாகக் கட்டவும் என்று அதில் ஒரு வரி. எதைக் கொண்டு கட்டுவது என்று எழுதவில்லை. ஆறு வருடம் கட்டியவளுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

மறுநாள் காலை மாடிப்படியிலிருந்து குரல் கேட்டது.

"மோட்டாரைப் போடுடி. என் முட்டி போச்சு."

"போட்டாச்சு அக்கா."

கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். ஓரகத்தி இல்லை, மூத்தார். கணினி முன்னால் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். வழிகாட்டியில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அதைத்தான் யோசிக்கிறேன் என்றாள். எவ்வளவு நேரமாக என்றார். ஒரு மணி நேரமாக என்றாள். முப்பது வருடம் ஆணை போட்டுப் பழகியவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுது. கட்டுகளுக்கு ரப்பர் பேண்டு மட்டுமே போட வேண்டும். ஓட்டுச்சீட்டையே உறையாகச் சுற்றக் கூடாது. கட்டைப் பிரிக்கும்போது பத்து இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் பங்கு போட வேண்டும்."

அவள் ஒரு சொல்கூட மாற்றாமல் அடித்தாள். திருத்தம் தந்தவர் என்ற இடத்தில் சலவைக்கூட மேற்பார்வையாளர் என்று போட்டாள். பிளம்பரின் வரிக்கு நேர் கீழே அது போய் உட்கார்ந்தது. மீனவர் கூட்டுறவிலிருந்து அன்றைக்கே பதில் வந்தது. அவர்களும் ஐம்பதுக்கு ஒன்றைக் குறுக்கே மடிப்பவர்களாம், அடுத்த மாதம் தேர்தலாம், நல்ல வேளை சொன்னீர்கள் என்று எழுதியிருந்தார்கள். அவள் அதை வாசித்துக் காட்டினாள்.

மூத்தார் திரைப் பக்கம் குனிந்தார்.

"இதை எல்லா இடத்துலயும் படிப்பாங்களா?"

"படிப்பாங்க மாமா."

"அடுத்த தடவையும் நான் நிப்பேன். இதுலயே எண்ணு." எழுந்து படிவரை போனவர் திரும்பினார். "எதுக்கும் எழுத்துப்பிழை இருக்கான்னு இன்னொரு தரம் பார்த்துடு."